இழப்பில் பிறந்த உரிமை!

மன்னர்களுக்கு வரலாறு உண்டு. அவர்கள் எழுப்பிய மாளிகைகளுக்கும், நடத்திய போர்களுக்கும் வரலாறு உண்டு. சொற்களுக்கு? உண்டு, தோழர்களே! பிறந்த இடத்தில் பெற்ற பொருளை, வளர்ந்த இடத்தில் உதறிய சொற்கள் உண்டு. ஆளவந்தோர்க்கு ஏவல் புரிந்த சொல், பின்னர் எளியவன் கைக்குக் கேடயமானதும் உண்டு. அத்தகைய ஒரு சொல்தான் ஆங்கிலத்தில் வழங்கும் 'பிரைவசி'.

தாழிட்ட கதவு, ஒட்டிய கடிதம், பிறர் நுழைய முடியாத உள்ளம் ஆகிய அனைத்தையும் இன்று அந்தச் சொல் காத்து நிற்கிறது. ஆனால் பிறந்தபோது அதற்கு இந்தப் பெருமை இல்லை. இல்லாமையைக் குறிக்கவே அது பிறந்தது!

இலத்தீன் மொழியில் 'பிரிவாரே' என்றால் இழக்கச் செய்தல், நீக்குதல் என்பது பொருள். அதிலிருந்து வந்த 'பிரிவாட்டுஸ்' என்ற சொல்லால், அரசுப் பதவி ஏதுமற்ற தனியாளை உரோமர்கள் சுட்டினர். நமது 'பிரிவு' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போட்டு மகிழ வேண்டாம். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டுவது பகுத்தறிவாகாது. கிரேக்கர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பொதுவாழ்வில் பங்கேற்காத தனியாளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'இடியோட்டஸ்'. ஆங்கிலத்தில் மூடனைக் குறிக்கும் 'இடியட்' அதன் வழிவந்ததே! மன்றத்திலே இடமில்லாதவன் மதிக்கத்தக்கவனல்லன் என்று எண்ணிய காலம் அது.

இங்கிலாந்துக்கு வந்ததும் இந்தச் சொற்குடும்பம் இரண்டாகக் கிளைத்தது. பிரெஞ்சு வழியாக வந்த 'பிரிவி' என்ற வடிவம் அரண்மனைக்குள் புகுந்தது. மன்னனுக்கு நெருங்கிய ஆலோசகர் கூட்டம் பிரிவி கவுன்சில் ஆயிற்று. 1949 வரை நம் நாட்டு வழக்குகளின் இறுதி முறையீடு அந்தப் பெயர் தாங்கிய மன்றத்துக்குத்தான் கடல் கடந்து சென்றது. மன்னன் செலவுக்கு ஒதுக்கிய பணம் பிரிவி பர்ஸ். அதே பெயரில்தான் இந்தியச் சிற்றரசர்களும் 1971 வரை மானியம் பெற்று வந்தனர்.

மன்னனின் கழிப்பிருக்கைக்குப் பணிவிடை செய்தவனும் அந்தக் கூட்டத்திலே ஒருவன். எட்டாம் ஹென்றியின் அவையில் அந்தப் பதவிக்காகப் பிரபுக்கள் போட்டியிட்டனர்! நகைக்கிறீர்களா? மன்னன் தனித்திருக்கும் நேரத்தில் அருகிருப்பவனுக்கே மன்னன் செவி கிடைத்தது. அருகிருத்தலே அதிகாரம்! அதே பதவியில் இருந்த சர் ஹென்றி நாரிஸ், அரசி ஆன் பொலினோடு தொடர்பு கற்பிக்கப்பட்டு, 1536-இல் தலையிழந்தார். அரசனின் அந்தரங்கம் அத்தனை பெரிய பரிசும் தரும். அத்தனை பெரிய பழியும் தரும்.

மற்றொரு கிளையான 'பிரைவேட்' கீழே நின்றது. படையிலே கடைசிப் படியில் நிற்கும் சிப்பாய்க்கு அதுவே பெயர். மேலே மன்னனின் மறைவிடம். கீழே பதவியற்றவனின் வெறுமை! தனியொருவனுக்கென்று இயற்றும் சட்டம் என்று பொருள்படும் 'பிரிவிலேஜ்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்ததே. சலுகையும் இழப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! ஒருவன் சலுகை பெற்ற இடத்தில் மற்றொருவன் இழந்து நின்றான் என்பதைச் சொற்களின் உறவே சொல்லாமற் சொல்கிறது.

மாளிகைகளும் இதே கதையைக் கூறுகின்றன. அறையைக் கடந்தே அடுத்த அறைக்குச் செல்லும் அமைப்பில்தான் பழைய பெருவீடுகள் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ராஜர் பிராட் என்ற கட்டடக்கலைஞர், கோல்ஸ்ஹில் மாளிகையில் நீண்ட நடைவழியையும், வேலையாட்களுக்கெனத் தனிப் படிக்கட்டையும் அமைத்தார். எதற்கு? கழிகலம் சுமந்து வரும் ஊழியன் பிரபுவின் கண்ணில் படக் கூடாது என்பதற்கு! பிரபுவுக்குத் தனிமை கிடைத்தது. ஊழியனுக்குக் கிடைத்தது மறைவு. இரண்டும் ஒன்றல்ல, தோழர்களே!

எனினும், ஒரு விதை ஊன்றப்பட்டிருந்தது. ஒவ்வொருவன் இல்லமும் அவனுக்குக் கோட்டை என்ற கருத்தை 1604-இல் செமைன் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. அந்த விதை முளைத்தது ஒரு வார இதழ் எழுத்தாளனின் வீட்டு வாசலில். 'தி மானிட்டர்' என்ற இதழில் அமைச்சரவையைக் கண்டித்து எழுதியவர் ஜான் என்டிக். 1762 நவம்பரில் அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபுவின் ஆணையோடு அரசின் ஏவலர்கள் அவர் வீட்டிற்குள் புகுந்தனர். நான்கு மணி நேரம் பெட்டிகளை உடைத்துத் தாள்களை அள்ளிச் சென்றனர். என்டிக் அஞ்சி ஒடுங்கவில்லை, வழக்குத் தொடுத்தார். 1765-இல் கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார்: அமைச்சரின் ஆணைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை, எனவே அது அத்துமீறல்! எழுத்தாளனுக்கு 300 பவுன் இழப்பீடு. அரசின் தேவை என்ற ஒன்றே சட்டமாகிவிடாது என்று அந்தத் தீர்ப்பு அறைந்தது.

ஆனால், கோட்டை என்றால் வீடு வேண்டுமே! வீடில்லாதவனுக்கு? 1834-இன் ஏழைகள் சட்டத்தின்கீழ் உதவி நாடிச் சென்றவர்களை இங்கிலாந்து ஏழையர் விடுதியில் அடைத்தது. அங்கே கணவன் ஒரு கூடத்தில், மனைவி ஒரு கூடத்தில், பிள்ளைகள் வேறொரு கூடத்தில்! ஏழ்மையே குற்றம், அதற்குத் தண்டனை குடும்பத்தை இழத்தல்.

நாடிழந்து வந்தவனுக்கு? இத்தாலியின் விடுதலைக்காக எழுதிய மாஜினி இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்தார். தம் கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுவதாக ஐயுற்றார். மணல் துகளையும், கசகசாவையும், தலைமயிரையும் உறைக்குள் வைத்துச் சோதித்தார். வைத்தவை வந்து சேரவில்லை! 1844-இல் விவகாரம் பாராளுமன்றத்தில் வெடித்தது. உள்துறை அமைச்சர் கிரஹாமின் ஆணையால் அஞ்சலகமே கடிதங்களைப் பிரித்தது வெளிச்சத்துக்கு வந்தது. நாடு கொதித்தது, அஞ்சலகத்தின் இரகசியப் பிரிவு கலைக்கப்பட்டது.

குத்தகை உழவனுக்கு? நிலக்கிழார் பார்த்திருக்க, யாருக்கு வாக்கு என்பதை அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மாற்றிச் சொன்னால் நிலம் போகும்! இரகசிய வாக்குமுறை வேண்டுமென்று 1838-இல் சாசன இயக்கத்தார் முழங்கினர். 1872-இல்தான் சட்டம் வந்தது. அன்று வாக்குச் சாவடியில் எழுந்த சிறு மறைப்பு, மன்னனின் தனியறையைவிட மாண்புடையது. ஏழை ஒருவன் தன் மனச்சான்றோடு மட்டும் நிற்பதற்கு அரசே அமைத்துத் தந்த அறை அது!

அட்லாண்டிக்குக்கு அப்பால் இந்தச் சொல் சட்ட ஏட்டில் ஏறியது. 1888-இல் கோடாக் காமிரா கைக்கெட்டும் பொருளாயிற்று. வம்பு வளர்க்கும் ஏடுகளும் பெருகின. 1890-இல் ஹார்வர்டு சட்ட இதழில் வாரனும் பிராண்டைசும் பிரைவசி ஓர் உரிமை என்று எழுதினர். தடையின்றித் தனித்து விடப்படும் உரிமை! உடனே ஏற்றனரா? இல்லை. இசைவு பெறாமலே ஓர் இளம்பெண்ணின் படத்தை 25,000 மாவு விளம்பரங்களில் அச்சிட்ட வழக்கில், 1902-இல் நியூயார்க் நீதிமன்றம் அப்படியோர் உரிமையே இல்லை என்றது. மக்கள் சீறினர், அடுத்த ஆண்டே சட்டம் பிறந்தது. தொலைபேசியை ஒட்டுக்கேட்ட வழக்கில் 1928-இல் பிராண்டைஸ் நீதிபதியாக இருந்தும் சிறுபான்மைத் தீர்ப்பே எழுத நேர்ந்தது. 1967-இல் அந்தக் கருத்து வென்றது. 1948-இல் உலக மனித உரிமைச் சாற்றுரையின் 12-ஆம் பிரிவும் இதை ஏற்றிருந்தது.

வெற்றிக் கதை முடிந்தது என்று ஏட்டை மூடிவிடலாமா? கூடாது! இதே சொல்லின் நிழலில் ஒரு கொடுமை ஒளிந்திருந்தது. 1868-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் மனைவியைப் பிரம்பால் அடித்த கணவனைத் தண்டிக்க நீதிமன்றம் மறுத்தது. காரணம்? குடும்ப விவகாரத்தின் திரையை விலக்க அதற்கு மனமில்லை! மனைவியைக் கணவன் வன்புணர்தல் குற்றமே என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றம் சொன்னது 1991-இல். இந்தியாவிலோ 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமும் கணவனுக்கு அந்த விலக்கை அளித்தே வந்தது. ஆண்மகனுக்குக் கோட்டையாக இருந்த இல்லம், அதற்குள் அடைபட்ட பெண்ணுக்குச் சிறையாக இருந்தது. கோட்டைக்கும் சிறைக்கும் சுவர் ஒன்றுதான். திறவுகோல் யார் கையில் என்பதுதான் கேள்வி!

இந்தியாவுக்கு இந்தச் சொல் சட்டப் புத்தகத்தோடு வந்தது. அரசியல் சட்டத்தில் இடம் பெறவில்லை. 1954-இலும் 1962-இலும் உச்சநீதிமன்றம் அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. நள்ளிரவில் காவலர் கதவைத் தட்டுவதைச் செல்லாதென அறிவித்த 1962-இன் தீர்ப்பிலேயே இந்த மறுப்பும் இருந்தது. நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டு எழுதினார்.

1994-இல் ஒரு வழக்கு நம் தமிழகத்திலிருந்தே சென்றது. மரண தண்டனைக் கைதி ஒருவன் எழுதிய தன்வரலாற்றைத் தமிழ் வார இதழ் வெளியிட முனைந்தது; அதிகாரிகளுடன் அவனுக்கிருந்த தொடர்புகள் அதில் இருந்தன. தடுக்கப் பார்த்தனர் அதிகாரிகள். உச்சநீதிமன்றம் இரண்டு உண்மைகளை உரைத்தது: குடிமகனுக்குத் தனித்து விடப்படும் உரிமை உண்டு; ஆனால் பதவியில் இருந்து செய்த செயலுக்கு அதிகாரி அந்தத் திரையை இழுத்துக்கொள்ள முடியாது! இறுதியாக, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அதை அடிப்படை உரிமை என்றனர். ஆணாதிக்க மனப்பான்மையை மறைக்கும் போர்வையாக அது பயன்படலாகாது என்ற எச்சரிக்கையும் அந்தத் தீர்ப்பிலேயே உண்டு.

பதவியற்றவனின் குறையாகப் பிறந்து, மன்னனின் மறைவிடமாகி, பிரபுவின் சலுகையாகி, இறுதியில் மனிதனின் உரிமையாயிற்று ஒரு சொல். தானாக மாறிற்றா? என்டிக் வழக்காடினார், மாஜினி உறைக்குள் மணல் இட்டார், சாசன இயக்கத்தார் சிறை சென்றனர். மாற்றியவர்கள் மனிதர்கள்!

தமிழில் இன்று நாம் அதற்கு 'தனியுரிமை' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலச் சொல் பல நூற்றாண்டு நடந்து அடைந்த பொருளை, நம் சொல் பிறக்கும்போதே பெயரில் தாங்கியிருக்கிறது. பெயரில் இருப்பது வாழ்வில் இருக்கிறதா? நம் வீட்டிலே தங்கைக்கு வரும் கடிதத்தை அவளுக்கு முன்னே பிரிக்காதிருக்கிறோமா? அடிபட்ட பெண்ணின் அழுகை சுவர் தாண்டிக் கேட்கும்போது, அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று கடந்து போகாதிருக்கிறோமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் துணிந்து ஆம் என்று சொல்லக்கூடிய வீடுகள் பெருகட்டும். அந்த வீடுகளில்தான் இந்தச் சொல்லின் அடுத்த அதிகாரம் எழுதப்படும்!