தேன்மெழுகும் ஒரு விகிதமும்

சுவாமிமலைச் சிற்பி தேன்மெழுகோடு குங்கிலியத்தைக் கலக்கிறார், அது கலை. அதே மெழுகில் பிசினைக் கலந்து விற்றவனை 1581ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம் குற்றவாளி என்றது. கலப்பு குற்றமாவது, சொல்லாமல் விற்கும்போதுதான்.

மாட்டுக்கொழுப்பையோ பிசினையோ மூக்கும் விரலும் ஓரளவு கண்டுகொள்ளும். ஆனால் 1830இல் ரைக்கன்பாக் மரத்தாரிலிருந்து பிரித்தெடுத்த பாரஃபினுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பின்னர் பெட்ரோலியத்திலிருந்து அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் தேன்மெழுகு வணிகத்தில் புலன்களின் சாட்சியம் செல்லாக்காசாயிற்று.

வழி திறந்தது வேதியியல். தேன்மெழுகில் தனித்து நிற்கும் செரோட்டிக் அமிலமும், பால்மிட்டிக் அமிலத்தின் எஸ்டரும் இருப்பதை 1848ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரோடி நிறுவியிருந்தார். 1883இல் ஆஸ்திரியப் படை அதிகாரி ஹ்யூபிள் இதை ஒரு சோதனையாக்கினார். ஒரு கிராம் மெழுகின் தனி அமிலத்தைச் சமன்செய்ய ஏறத்தாழ 20 மில்லிகிராம் பொட்டாஷ் காரம் வேண்டும். கொதிக்கவைத்து எஸ்டரைச் சிதைக்க மேலும் 75 மில்லிகிராம் வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 3.6 முதல் 3.8 வரை வரும். ஸ்டியரிக் அமிலம் கலந்தால் விகிதம் தாழும். மாட்டுக்கொழுப்பு கலந்தால் உயரும். பாரஃபின் காரத்தோடு வினைபுரிவதில்லை. ஆகவே விகிதம் அப்படியே நிற்க, இரண்டு எண்களும் சேர்ந்து குறையும். எத்தனை எளிய தருக்கம்!

ஆயினும் அளவுகோலை அறிந்தவன் அதை ஏமாற்றவும் அறிவான். ஸ்டியரிக் அமிலம் 10 பங்கு, மாட்டுக்கொழுப்பு 38 பங்கு, பாரஃபின் 52 பங்கு சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: எண்கள் 20, 75 என்றே ஏறத்தாழ வரும். தேனீ தொடாத மெழுகு, தேர்வில் தேறிவிடுகிறது.

மறுபுறம் இன்னும் வருத்தமான கதை. ஹ்யூபிளின் எண்கள் ஐரோப்பியத் தேனீயின் எண்கள். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் டேவிட் ஹூப்பர் இந்திய மெழுகுகளை ஆராய்ந்து 1904இல் முடிவுகளை வெளியிட்டார். நம் மலைத்தேனீ, கொம்புத்தேனீ ஆகியவற்றின் தூய மெழுகில் அமில எண் பெரும்பாலும் 10ஐ எட்டுவதில்லை. விகிதமோ சில வேளைகளில் 10ஐயும் தாண்டுகிறது. ஐரோப்பிய அட்டவணையை மட்டும் கையில் வைத்திருந்தவருக்குக் காட்டிலிருந்து வந்த நேர்மையான மெழுகும் போலியாகவே தெரிந்திருக்கும்.

1952இல் ஜேம்ஸும் மார்ட்டினும் அறிமுகப்படுத்திய வாயு நிறப்பகுப்பியல் இந்த முடிச்சைப் பெருமளவு அவிழ்த்தது. தேனீ உருவாக்கும் ஹைட்ரோகார்பன்களில் கார்பன் அணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படை: 25, 27, 29, 31. பாரஃபினிலோ ஒற்றையும் இரட்டையும் கலந்தே கிடக்கும். இரட்டைப்படைச் சிகரங்கள் ஓங்கி எழுந்தால் களவு வெளிப்பட்டுவிடும்.

கள்ளனைப் பிடிக்கச் செய்த அளவுகோல் முதலில் யாரை வைத்து அளந்து செய்யப்பட்டது என்று கேட்பதும் அறிவியலின் கடமையே. மெழுகுக்கு மட்டுமான பாடம் அன்று இது.