கல்கத்தாவும் மூன்றாவது கம்பியும்

1879 ஜூலை 24 அன்று பி.டபிள்யூ. ஃப்ளூரி நிறுவனம் கல்கத்தாவில் மின்விளக்கை எரியவிட்டுக் காட்டியது. எடிசன் தன் பல்பைப் பொதுமக்கள் பார்க்க எரியவிட்டதே அந்த ஆண்டின் கடைசி நாளில்தான். 1895இல் மின்விளக்குச் சட்டம் வந்தது. 1897இல் லண்டனில் பதிவான ஒரு கம்பெனிக்கு உரிமம் கிடைத்தது. அதுதான் கல்கத்தா எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். 1899 ஏப்ரல் 17 அன்று, பிரின்செப் தெருவை ஒட்டிய இமாம்பாக் சந்தில் அதன் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1902இல் டிராம் வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறின.

முந்திக்கொண்ட நகரம் பழையதையும் நெடுங்காலம் சுமந்தது. அன்று வீடுகளுக்கு வந்தது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம். நகரின் சில பகுதிகளில் சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் அதுவே ஓடியது. வீட்டுக்குள் போனவை இரண்டே கம்பிகள்; சுவரில் இரண்டு துளை பிளக் பாயின்ட். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் மூன்றாவது கம்பி, அதாவது எர்த் கம்பி, கிடையாது. விளக்கும் விசிறியும் கைக்கெட்டாத உயரத்தில் இருந்தவரை அது குறையாகத் தெரியவில்லை.

கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தது ரேடியோ. டிசியில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. அதனால் டிசியிலும் ஓடும்படி செய்த வால்வு ரேடியோக்களில், உள்ளிருக்கும் உலோகச் சட்டம் மின்கம்பியோடு நேராகவே சேர்ந்திருக்கும். தெருவில் ஓடிய சப்ளைக் கம்பிகள் மூன்று. நடுக்கம்பி மண்ணோடு இணைந்தது. ஓரக்கம்பி ஒன்று அதைவிட 225 வோல்ட் மேலே, மற்றது 225 வோல்ட் கீழே. கீழ் ஓரம் வாய்த்த வீட்டில் ரேடியோ பாட வேண்டுமானால் அதன் சட்டம் முழு மின்னழுத்தத்தில் இருந்தே தீர வேண்டும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் ரேடியோ பாடாது. மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும்தான் காவல். குமிழை இறுக்கும் சின்னத் திருகாணி விரலில் படக்கூடாது என்று அந்தக் குழியை மெழுகால் அடைப்பார்கள். மெழுகு உதிர்ந்த ரேடியோவைத் தொட்டால் ஷாக்தான்.

1956இன் இந்திய மின்சார விதிகள் நுகர்வோர் வீட்டில் எர்த் முனை ஒன்றை மின் வழங்குவோரே தர வேண்டும் என்றன. ஆனால் மீட்டரிலிருந்து பிளக் பாயின்ட் வரை கம்பி இழுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. புதிய வீடுகளில் இழுத்தார்கள். பழைய வாடகை வீடுகளில் செலவு யாருடையது என்ற கேள்வியிலேயே நின்றுபோன இடங்கள் உண்டு. இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிய எர்த்தும், குழாய் பிளாஸ்டிக்காக மாறிய அன்றே செத்துப்போகும். பலகையில் மூன்று துளை இருக்கும். மூன்றாவதற்குப் பின்னால் கம்பி இருக்காது.

இந்தக் குறையைத்தான் லேப்டாப் காட்டிக்கொடுக்கிறது. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உலோக மூடி 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து தொடுபவருக்கு மணிக்கட்டில் சுருக்கென்று ஏறும். இரண்டு பின் சார்ஜரில் இது இயல்பாகவே வரலாம். மூன்று பின் சார்ஜரில் வந்தால் முதலில் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். கசிவு பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதே பாயின்ட்டில் நாளை பழுதான ஹீட்டரோ கிரைண்டரோ செருகப்பட்டால் கதை வேறு.

2025 செப்டம்பர் 23 அன்று, துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு, ஓரிரவு மழையில் கொல்கத்தா மூழ்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவர்கள் அல்லர். மின்சாரம் தாக்கி மாண்டவர்கள். வீட்டுக்குள்ளாவது இந்த ஆபத்தைத் தடுக்க வழி உண்டு. நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் சேர்ந்திருக்கும் வீட்டில், பழுதான சாதனத்தை ஒருவர் தொடுவதற்கு முன்பே மின்சாரம் நின்றுவிடும்.

மயிலாப்பூரிலோ மாசி வீதிகளிலோ பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். லேப்டாப் சுருக்கென்றால் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா, அது மண்வரை போகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.