'சம்விதான்' தொடரைப் பாருங்கள், தோழர்களே

1988ஆம் ஆண்டு பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கோரிக்கை கூலி உயர்வு அல்ல. தூர்தர்ஷனில் ஓடிக்கொண்டிருந்த ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடர் பட்டாபிஷேகத்தோடு முடியப்போகிறது என்று செய்தி வந்திருந்தது. வால்மீகி வருகிற பகுதி, லவனும் குசனும் வளர்கிற பகுதி இல்லாமலே முடிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள், வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் அந்த மக்கள். தெருக்களில் குப்பை தேங்கியது. அரசு இறங்கிவந்து கூடுதல் பகுதிகளுக்கு ஒப்புக்கொண்டது.

அந்தக் கோரிக்கையின் உள்ளடக்கத்தில் நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். எனக்கும் இல்லை. ஆனால் திரையில் யார் தெரிகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பது பொழுதுபோக்கு விஷயம் அல்ல என்பதை நம் பல்கலைக்கழகங்களின் ஊடகத் துறைகளுக்கு முன்பே மலக்குழியிலும் சாக்கடையிலும் வேலை பார்த்தவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

இப்போது இன்னொரு தொடருக்கு வருவோம். 2014 மார்ச் மாதம் ராஜ்யசபா தொலைக்காட்சியில் 'சம்விதான்' என்ற தொடர் தொடங்கியது. இந்திய அரசமைப்புச் சட்டம் உருவான கதை. மொத்தமே பத்துப் பகுதிகள். இயக்கம் ஷியாம் பெனகல். எழுத்து அதுல் திவாரியும் ஷாமா ஜைதியும். பாபாசாகேப் அம்பேத்கராக சச்சின் கெடேகர், நேருவாக தலிப் தாஹில், மௌலானா ஆசாத்தாக டாம் ஆல்டர், காந்தியாக நீரஜ் கபி. நம்மிடம் நேருக்கு நேராகப் பேசிக் கதையை நடத்திச் செல்பவர் ஸ்வரா பாஸ்கர். தொடர் தொடங்கிய அதே வாரத்தில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. அந்த இரைச்சலில் யார் இதைக் கவனிப்பார்கள்? 2020 ஊரடங்கில் மக்கள் வீட்டில் அடைந்து கிடந்தபோதும் தூர்தர்ஷன் தூசி தட்டி எடுத்தது 'ராமாயண்' தொடரைத்தான். ராஜ்யசபா தொலைக்காட்சியே 2021இல் சன்சத் தொலைக்காட்சியில் கரைந்துபோனது. 'சம்விதானை' மறுபடி ஒளிபரப்பு என்று கேட்டு யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை.

ஏன் பார்க்க வேண்டும் என்கிறேன்? நமக்கு இரண்டு பக்கமும் தொல்லை இருக்கிறது. ஒரு பக்கம், 'அம்பேத்கர் எதையும் எழுதவில்லை, 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதினார், உண்மையில் எழுதியவர் பி.என்.ராவ்' என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை வந்து விழும் பேச்சு. மறுபக்கம் நம்முடையது: கையில் புத்தகத்தோடு நிற்கும் சிலை. தனி ஆளாக உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தார் என்கிற பக்தி. முதலாவது பொய்க்குப் பதில் சொல்ல இரண்டாவது பக்தி உதவாது. விவாதம் எப்படி நடந்தது, யார் எங்கே எதிர்த்தார்கள், எங்கே விட்டுக்கொடுத்தார்கள், எங்கே கடைசிவரை விடவில்லை என்று தெரிந்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அவை விவாதங்களை அடிப்படையாக வைத்து எடுக்கப்பட்ட இந்தத் தொடர் அதற்கு நல்ல வாசல்.

உதாரணத்துக்கு, பாபாசாகேப் அந்த அவைக்குள் நுழைந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டமன்றங்கள். 1946 தேர்தலில் பட்டியல் சாதிக் கூட்டமைப்பு படுதோல்வி அடைந்திருந்தது. பூனா ஒப்பந்தம் தந்த கூட்டுத் தொகுதி முறையில் தலித்துகளின் பிரதிநிதியைத் தலித் அல்லாதாரின் வாக்கே தீர்மானித்ததன் விளைவு அது. சொந்த மாகாணமான பம்பாயிலிருந்து அவரால் உள்ளே போக முடியவில்லை. கை கொடுத்தவர் வங்கத்தின் ஜோகேந்திரநாத் மண்டல். நாமசூத்திரர் சமூகத்தில் பிறந்த அந்தத் தலைவர் வங்கச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டி, பம்பாய்க்காரரான பாபாசாகேபை வங்கத்திலிருந்து டெல்லிக்கு அனுப்பினார். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. பிரிவினை வந்து அந்த இடத்தையும் கொண்டுபோனது. அதற்குள் அவருடைய உழைப்பைப் பார்த்திருந்த காங்கிரஸ், எம்.ஆர்.ஜெயகரின் விலகலால் காலியான இடத்தில் பம்பாயிலிருந்து அவரைத் தேர்ந்தெடுக்க முடிவு செய்தது. ராஜேந்திர பிரசாத் பம்பாய் முதல்வர் பி.ஜி.கேருக்குக் கடிதம் எழுதினார். 1947 ஜூலையில் அவர் மறுபடி உள்ளே வந்தார்.

மண்டல் என்ன ஆனார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1947 ஆகஸ்டில் கராச்சியில் கூடிய பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டத்துக்குத் தற்காலிகத் தலைவர் அவர். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரும் அவர்தான். இரண்டு புதிய நாடுகள், இரண்டுக்கும் முதல் சட்ட அமைச்சர்கள் தலித்துகள். கிழக்கு வங்கத்தில் தன் மக்கள் தாக்கப்பட்டதைத் தடுக்க முடியாத நிலையில் 1950 அக்டோபரில் மண்டல் பதவி விலகினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்ட பின் 1951இல் பாபாசாகேப் பதவி விலகினார். இந்த இரண்டு ராஜினாமாக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் துணைக்கண்டத்தின் தலித் அரசியலைப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

1946 டிசம்பர் 17 உரை என்று தேடிப் பாருங்கள். அவையில் அவருடைய முதல் பேச்சு. தன் முறை அடுத்த நாள்தான் வரும் என்று நினைத்திருந்தவரை, இருபதுக்கும் மேற்பட்டோர் பேசக் காத்திருக்க, ராஜேந்திர பிரசாத் திடீரென்று அழைத்துவிட்டார். தயாரிப்பு இல்லாமல் எழுந்தார். முஸ்லிம் லீக் வெளியே நிற்கும்போது அவசரப்பட்டுத் தீர்மானம் நிறைவேற்றாதீர்கள் என்றார். நேருவின் குறிக்கோள் தீர்மானத்தில் உரிமைகள் இருக்கின்றன, அவை மீறப்பட்டால் என்ன பரிகாரம் என்பது இல்லையே என்றார். சோசலிசம் என்றால் நிலமும் தொழிலும் நாட்டுடைமையாகும் என்று அதில் எழுதியிருக்க வேண்டாமா என்றும் கேட்டார். எதிரியாகப் பார்த்த அவை கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் இருந்த இறுக்கத்தை மிகை இல்லாமல் நடிப்பதுதான் சச்சின் கெடேகரின் பலம். அவர் கத்துவதில்லை, கண்ணீர் விடுவதில்லை. வழக்கறிஞர் வாதாடுவதுபோல் வாதாடுகிறார்.

வரைவுக் குழு 1947 ஆகஸ்ட் 29இல் அமைக்கப்பட்டது, ஏழு பேர். பி.என்.ராவ் தொடக்க வரைவைத் தயாரித்தது உண்மை; அதைப் பாபாசாகேபே தன் கடைசி உரையில் நன்றியோடு சொன்னார், எஸ்.என்.முகர்ஜியின் உழைப்பையும் சேர்த்து. அதற்குப் பிறகு என்ன நடந்தது? அதே குழுவின் உறுப்பினர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று அவையில் கணக்குச் சொன்னார். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் அரசுப் பணிகளில், ஓரிருவர் உடல்நலம் காரணமாக டெல்லிக்கு வெளியே. பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். சொன்னவர் அம்பேத்கரியர் அல்ல, சென்னைக்காரர், பிராமணர், பின்னாளில் நேருவின் நிதி அமைச்சர். வாட்ஸ்அப் மாமாக்களுக்கு இந்த ஒரு சாட்சி போதும். கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,600க்கும் மேல். அவையில் முன்மொழியப்பட்டவை 2,473. ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் யார்?

1948 நவம்பர் 29. தீண்டாமை ஒழிப்புப் பிரிவு, அப்போது வரைவில் 11, இன்று 17. அது ஏற்கப்பட்டபோது அவையில் எழுந்த முழக்கம் மகாத்மா காந்திக்கு ஜே! மகாட் குளத்தில் தண்ணீர் எடுத்ததற்காக அடி வாங்கிய இயக்கத்தின் தலைவர் அதே அவையில் உட்கார்ந்திருந்தார். அன்றைய விவாதத்தில் இன்னொன்று நடந்தது. தீண்டாமை என்ற சொல் தெளிவற்றது என்று நசிருதீன் அகமது திருத்தம் கொண்டுவந்தார். கே.டி.ஷா, மாதவிடாய் நாட்களில் பெண்களைத் தள்ளிவைப்பதும் இதில் வருமா என்ற கேள்வியை எழுப்பினார். பாபாசாகேப் அகமதுவின் திருத்தத்தை ஏற்கவில்லை. ஷாவுக்குப் பதிலே சொல்லவில்லை. சொல் வரையறுக்கப்படாமலே நின்றது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் அந்த மௌனத்துக்குள் நுழைந்துதான் 17ஆம் பிரிவு பெண்களுக்கும் பொருந்தும் என்று எழுதினார். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சென்னை மாகாணத்திலிருந்து போன நம்மவர்களையும் தேடுங்கள். வி.ஐ.முனுசாமிப் பிள்ளை, பி.கக்கன், எஸ்.நாகப்பா, அவையின் ஒரே தலித் பெண்ணான தாட்சாயணி வேலாயுதன். எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. தாட்சாயணி தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்தார். நாகப்பா, தனித்தொகுதியில் ஜெயிப்பவர் தலித் வாக்குகளில் குறைந்தது 35 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும் என்று 1947 ஆகஸ்டில் திருத்தம் கொண்டுவந்தார். பட்டேல் கடுமையாகப் பேசியபின் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தனித்தொகுதி உறுப்பினர்கள் ஊர்க்காரர்களுக்குப் பயந்து வாயைத் திறப்பதில்லை என்று இன்று நாம் புலம்புகிறோமே, அந்தப் புலம்பலுக்கான மருந்து அன்று மேசையில் வைக்கப்பட்டு எடுக்கப்பட்டது. அதே நாகப்பா பிறகு ஒருமுறை, இடஒதுக்கீட்டை இன்றே விட்டுவிடத் தயார் என்றார். ஒவ்வொரு தலித் குடும்பத்துக்கும் பத்து ஏக்கர் நன்செய், இருபது ஏக்கர் புன்செய் நிலம், பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம்வரை இலவசக் கல்வி, முக்கியப் பதவிகளில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று.  பஞ்சமி நிலத்தையே மீட்க முடியாத மண்ணில் அதை இன்று படித்தால் சிரிப்பதா அழுவதா?

தொடருக்குக் குறைகள் உண்டு. பெனகல் நிதானமான ஆள். சில இடங்களில் நிதானம் மரியாதையாகி, தலைவர்கள் எல்லோரும் கருத்து வேறுபாடு உள்ள நல்ல குடும்பத்துப் பெரியவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். அவைக்கு வெளியே அதே நாட்களில் சேரிகள் என்ன நிலையில் இருந்தன என்பதற்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். 1947 மார்ச்சில் பாபாசாகேப் தயாரித்த 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் விவசாய நிலம் முழுவதும் அரசுடைமை, தலித்துகளுக்குத் தனிக் குடியேற்றங்கள் என்று இருந்தவற்றில் எவ்வளவு கடைசிச் சட்டத்துக்குள் வராமல் போனது என்பதை நாமாகத்தான் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தடை மொழி. தொடர் இந்தியில் இருக்கிறது.

அதனால் தனியாகக் கைபேசியில் பார்த்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். இரவுப் பாடசாலையிலோ, விடுதி அறையிலோ பத்துப் பேர் சேருங்கள், வாரம் ஒரு பகுதி. இந்தி தெரிந்த தோழர் ஒருவர் எங்கும் இருப்பார். இடையிடையே நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். யூடியூப்பில் பெயரைப் போட்டுத் தேடினாலே வரும். அவை விவாதங்கள் நாடாளுமன்றத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அன்றன்று பார்த்த பகுதிக்குரிய தேதியை எடுத்து ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். செப்டம்பர் நடுவில் தொடங்கினால் நவம்பர் 26க்குள் பத்தும் முடிந்துவிடும். எங்கே கூடுகிறீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்லி அனுப்பலாம்.