பார்லிக்குள் அரிசி வந்த கதை

நான் வேலைக்குப் போகிற வழியில் ஹொப்யார்ட் வீதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளசன்டனில் ஹொப்ஸ் தோட்டங்கள் இருந்ததால் வந்த பெயர். பியருக்குக் கசப்பைத் தருவது ஹொப்ஸ். ஆனால் பியருக்கு அத்திவாரம் பார்லி.

பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, சூட்டில் உலர்த்தினால் மோல்ட். முளைக்கும்போது பெருகும் நொதியங்கள், 65 பாகை செல்சியஸ் அளவிலான சுடுநீரில் மாப்பொருளை வெல்லமாக்குகின்றன. அந்த வெல்லத்தை மதுவம் மதுசாரமாக்குகிறது. இளஞ்சூட்டில் உலர்த்திய வெளிர் மோல்ட்டில் நொதியங்கள் தங்கும். கருக வறுத்ததில் அழிந்துவிடும். அதனால்தான் கறுத்த ஸ்டவுட்டுக்குக்கூடப் பெரும்பங்கு வெளிர் மோல்ட்டே போடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியர்கள் திரளாக அமெரிக்கா வந்தார்கள். 1848 புரட்சி தோற்றபின் தப்பி வந்தவர்களும் அவர்களுள் அடக்கம். பார்லி, ஹொப்ஸ், நீர் தவிர வேறெதுவும் பியரில் சேரக்கூடாது என்ற 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் அவர்களுள் பவேரியர்களுடைய ஊர் வழக்கம். இங்கே கிடைத்ததோ பெரும்பாலும் ஆறு வரிசைப் பார்லி. ஊரின் இரண்டு வரிசைப் பார்லியைவிட அதில் புரதமும் கூட, நொதியமும் கூட. பியர் கலங்கியது.

பிராக்கில் படித்து 1868இல் அமெரிக்கா வந்த அன்டன் ஷ்வார்ஸ், அரிசியையும் சோளத்தையும் சேர்க்கும்படி எழுதினார். அரிசியில் மாப்பொருள் நிறைய, புரதம் குறைவு. அதை வெல்லமாக்கப் பார்லியின் மிகுதி நொதியமே போதும். 1876இல் வந்த பட்வைசரில் அரிசி இருந்தது. ஊர்க்கண்ணுக்குக் கலப்படமாகத் தெரிந்தது, இந்த நாட்டின் பியராகிவிட்டது.

1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் நீங்கியது. ஆயினும் வீட்டில் பியர் வடிப்பதை மத்திய அரசு அனுமதித்தது 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டத்தால்தான். இன்று வீட்டில் வடிப்பவர்கள் ஒரு வெளிர் மோல்ட் கிடைக்காவிட்டால் அதே நிறைக்கு இன்னொன்றைப் போடுகிறார்கள். பில்ஸ்னர் மோல்ட் என்றால் சுவை மென்மை. 1960களில் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் ஒட்டர் என்றால் பிஸ்கட் வாசம். எதைப் போட்டாலும் பியர் வரும். மோல்ட் முழுவதையும் எடுத்துவிட்டு அரிசியை மட்டும் போட்டால் வராது. நொதியம் இல்லை.

ஊரில் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பமாவுக்கு இங்கே நாங்கள் மதுவமோ கொஞ்சம் பியரோ விடுகிறோம். அது அப்பமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கள்ளு செய்த வேலையை அது செய்கிறது; மா பொங்குகிறது. இழந்த பொருளைப்போல இன்னொன்றைத் தேடுவதற்கு முன்னர், அது என்ன வேலை செய்தது என்று கேட்கவேண்டும். பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று எங்கள் கூட்டங்களில் சண்டை வரும்போது இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை.