யார் என்று கேட்கும் உரிமை: கிள்ளான் பள்ளத்தாக்கின் வாசல்களும் அழைப்புமணியும்

கம்பிவழிக் காணொளி அழைப்புமணி என்பது பொத்தானும் சிறு கேமராவும் ஒலிவாங்கியும் ஒன்றாக அமைந்து, வாசல் தூணிலோ கதவோரத்திலோ பதிக்கப்படும் கருவியாகும். பேட்டரியை நம்பாமல், வீட்டினுள்ளிருந்து வரும் இரண்டு கம்பிகளின் வழியே மின்சாரம் பெறுவதால் அதற்கு அந்தப் பெயர். கோலாலம்பூரிலிருந்து மேற்கே துறைமுகம் வரை பரந்து கிடக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் குடும்பங்கள் இக்கருவியைப் பொருத்திக்கொள்வதைத் திருட்டு பயத்தின் விளைவாக மட்டும் கொண்டால், அதற்குப் பின்னே உள்ள நூறாண்டுக் கதை கண்ணில் படாமலே போய்விடும். வாசலில் நிற்பவரை யார் என்று கேட்பதும், கேட்டபின் உள்ளே விடுவதும் விடாதிருப்பதும் எவர் கையில் இருந்தன என்பதே அந்தக் கதை.

தமிழ் மரபு வாசலைக் கேள்வி எழும் இடமாகவே கண்டது. குறுந்தொகைப் பாடல் ஒன்றில் மாலையில் வாயிலை அடைக்கும் காவலர், உள்ளே வர வேண்டியவர் எவரேனும் எஞ்சியுள்ளனரா என்று வினவுகின்றனர். மனுநீதிச் சோழன் கதையிலோ அரண்மனை வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணியை அசைத்து ஒரு பசு நீதி கேட்கிறது. முன்னதில் வினவுபவர் உள்ளே இருப்பவர், பின்னதில் வெளியே நிற்பது; இரண்டிலும் வாயிலுக்கு உரியவர் யார் என்பதில் ஐயமில்லை. கங்காணி முறையில், அதாவது ஊரிலிருந்து ஆள் திரட்டி வரும் மேற்பார்வையாளரின் வழியே, மலாயாவின் ரப்பர் தோட்டங்களை அடைந்த தமிழருக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

தோட்டத்து லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளைக் கொண்ட குடியிருப்பு. அதன் முன்புறத் தாழ்வாரத்தை மலேசியத் தமிழர் அஞ்சடி என்பர். 1822இல் ஆங்கிலேய நிர்வாகி ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு வகுத்த விதிகளில், கடைகளின் முன் கூரையிட்ட நடைவழி இடையறாது செல்ல வேண்டும் என்று பணித்ததிலிருந்து பரவிய ஐந்தடி வழி என்ற பெயரே, மலாயில் காக்கி லீமாவாகவும் தமிழில் அஞ்சடியாகவும் வழங்கிக் கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அறைக்கு அறை அஞ்சடி தொடர்ந்து ஓடியதால் லயத்தில் எவரும் கதவைத் தட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. குரல் கொடுத்தாலே போதுமானதாயிற்று. ஆனால் அந்த லயமும் அதற்கு இட்டுச்செல்லும் செம்மண் பாதையும் தோட்ட நிர்வாகத்தின் உடைமைகள் என்பதால், உறவினர் வரலாமா கூடாதா என்ற முடிவு குடியிருப்பவரிடம் இல்லாமல் மேலாளராகிய துரையிடமும், எழுத்தராகிய கிராணியிடமும் தங்கிவிட்டது.

இதன் கொடுமையை உணர 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் எழுச்சியில் தொழிலாளர் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவை ஒழித்தல் ஆகியவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமையும் இடம்பெற்றது. வரலாற்று நூல்கள் ஊதியக் கோரிக்கையை விரிவாகப் பேசிவிட்டு இதை ஒரே வரியில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது. தன்னைக் காண வந்த தங்கையைத் தன் வாசலுக்கு அழைத்துக்கொள்ள இன்னொருவரின் இசைவு வேண்டியிருந்த வாழ்வை, கூலிக் கணக்கைக் காட்டிலும் கூர்மையாக இந்தக் கோரிக்கையே காட்டுகிறது. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் நிலை சற்று வேறு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை, அதாவது ஓலைக் கூரை வீடுகளை, அழித்தபின், சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைத் திரும்பக் கட்டப் பணித்ததில் எழுந்த சூளைகளே அவ்விடத்துக்குப் பெயராயின. 1886இல் கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் ரயில்பாதை திறக்கப்பட்டதும், ரயில்வேயில் பணிபுரிந்த இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே குடியேறினர். நூறு குவார்ட்டர்ஸ் என்று பெயர் பெற்ற அரசு ஊழியர் குடியிருப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, இந்நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. குவார்ட்டர்ஸில் கதவைத் திறப்பதும் மூடுவதும் குடும்பத்தின் விருப்பம்; ஆயினும் வேலை முடியும் நாளோடு வீடும் முடிந்துவிடும் என்பதால், சுவரில் புதிதாக ஒரு கம்பியை இழுத்துப் பதிக்கும் எண்ணம் எளிதில் எழாது.

அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் மலாயா வரலாற்றில் ஒரு தமிழர் பெயர் முதலிலேயே நிற்கிறது. 1894இல் ரவாங்கில் தம் ஈயச் சுரங்கத்துக்காகச் சீனச் சுரங்க முதலாளி லோக் இயூவுடன் சேர்ந்து மின்னாக்கியை நிறுவியவர் தம்புசாமிப் பிள்ளை; கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் வழிபாட்டையும் தொடங்கிவைத்தவராகவே அவரை நினைவுகூரும் தமிழர், அவருடைய இந்தப் பங்கை அதே அளவு போற்றுவதில்லை. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அதன் வழித்தோன்றலே இன்றைய தெனாகா நேஷனல். மின்மணியோ அதற்கும் மூத்தது: கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது இரும்பு காந்தமாகும் என்ற தன்மையைக் கொண்டு, 1831இல் அமெரிக்காவின் ஆல்பனியில் ஜோசப் ஹென்றி நீண்ட கம்பியின் மறுமுனையிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார்.

தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த மணி பரவலாக வாய்த்தது, தோட்டங்கள் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறிய பின்னரே. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது போலப் பல தோட்டங்கள் நகரங்களாயின. அங்கே ரப்பர் மரம் சீவியவர்களுள் பலருக்கு அந்த நகரங்களில் வீடு கிட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீடு வாங்க முடிந்தவர்களுக்கு வரிசை வீட்டின் முன் கார் நிறுத்துமிடமும், அதற்கு முன்னே இரும்புக் கேட்டும், கதவிலும் சன்னலிலும் கிரில் கம்பிகளும் அமைந்தன. வங்கி, கிடங்கு வாசல்களில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்த சீக்கியக் காவலரை மலாய்ச் சொல்லால் ஜாகா என்று அழைத்த காலம் மறைந்து, 1975இல் அரசு கொண்டுவந்த ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டைவீட்டார் அமைப்பின்கீழ் குடியிருப்பவர்களே முறைவைத்து இரவில் சுற்றிவரும் காலம் வந்தது.

வாசலைத் திரையில் காட்டும் எண்ணத்துக்கு வடிவம் தந்தவர் நியூயார்க்கில் செவிலியாகப் பணிபுரிந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன்; காவலர் வரத் தாமதமாகும் பகுதியில் வாழ்ந்த அவர், கணவருடன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் கேமராவும் திரையும் இருந்தன; தொலைவிலிருந்தே தாழ் திறக்கும் வசதியும் இருந்தது. அதன் வாரிசுகளான இன்றைய கருவிகள் பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட் வரையிலான மாறுமின்சாரத்தில் இயங்குவன. மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய மணிகள் பலவற்றுக்கு அதே மின்சாரம் நேராகக் கேட் தூண் வரை செல்வதால், பொத்தானைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டினால் கருவி கருகிப்போகும். எனவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரை இடையில் வைக்க வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை அது. பழைய மணிக்குப் பொத்தானை அழுத்தும் கணத்தில் மட்டும் மின்னோட்டம் போதும். கேமராவோ இரவும் பகலும் அதை உண்டுகொண்டே இருப்பது. ஆகவே சிமெண்டுத் தரைக்கடியில் குழாய்க்குள் செல்லும் மெல்லிய கம்பி நீளமாக இருந்தால், முனையை அடைவதற்குள் அழுத்தம் குறைந்து, இருளில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் கருவி அணைந்து அணைந்து எழும். ஆண்டின் பாதி நாட்களுக்கு இடி முழங்கும் இப்பள்ளத்தாக்கில், மின்னல் பாய்ச்சலைத் தாங்கும் தடுப்பும் உடன் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு வாசலின் கேள்வியைத் தன் கைக்குக் கொண்டுவந்த குடும்பம், அக்கேள்வி மறுபடியும் தெருமுனைக்கு நகர்ந்திருப்பதைக் காண்கிறது. காவலர் குடியிருப்பு என்று வழங்கும் தாமான்களில் குடியிருப்போர் சங்கம் சாலையில் தடுப்புக்கட்டை அமைத்து, பல இடங்களில் நேப்பாளத்திலிருந்து வந்த காவலரை நிறுத்துகிறது. கோத்தா டாமான்சாராவில் மாதக் கட்டணம் செலுத்தாத வீட்டுக்காரருக்குக் காவலர் தடுப்பைத் தூக்கிவிட மறுத்து, அவரே இறங்கித் தூக்கிக்கொள்ளுமாறு விடப்பட்ட வழக்கில், வழி அடைக்கப்படாததால் அது சட்டப்படி இடையூறாகாது என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்குப் பலகாரத் தட்டுடன் வரும் உறவினர் இன்று முதலில் அந்தத் தடுப்பருகே நின்று, எந்த வீட்டுக்கு, யாரைப் பார்க்க என்று சொல்லியாக வேண்டும். வாசல் தூணில் இருக்கும் பொத்தானை அவர் அடைவது அதற்குப் பிறகுதான்.