தொண்டாமுத்தூர் இடைத்தேர்தல், 2009

தொண்டாமுத்தூர் இடைத்தேர்தல் என்பது, கோயமுத்தூர் மாவட்டத்துத் தொண்டாமுத்தூர்த் தொகுதியின் பிரதிநிதியாகத் தமிழகச் சட்டசபையில் அமர்ந்திருந்த மு. கண்ணப்பன் தமது ஸ்தானத்தை ராஜினாமாச் செய்ததன் காரணமாக, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நடைபெற்ற உபதேர்தலாகும். அதே நாளில் கம்பம், இளையான்குடி, பர்கூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நிகழ்ந்தது. இவ்வைந்தனுள் ஸ்ரீவைகுண்டம் ஒன்றே உறுப்பினரின் மரணத்தால் காலியானது. ஏனைய நான்கும் உறுப்பினர் உயிரோடிருக்கையிலேயே, அவர்தம் சொந்தக் கையெழுத்தினால் காலியானவை. ஒரே நாளில் நடந்த இடைத்தேர்தல்களில் ராஜினாமாவின் பங்கு இத்துணை மிகுந்திருந்தமை தமிழகத்தில் அடிக்கடி காணக்கூடியதொன்றன்று.

பிரிட்டிஷ் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையில் உறுப்பினர் ஒருவர் தம் ஸ்தானத்தை நேராகத் துறத்தல் இயலாது. 1624ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்று அதற்குக் குறுக்கே நிற்பதால், சில்டர்ன் மலைச்சாரலின் காரியஸ்தர் என்னும் வெறும் பெயரளவிலான அரச உத்தியோகத்தை வேண்டிப் பெற்று, அதன் விளைவாகத் தகுதியிழந்து வெளியேறும் தந்திரத்தையே அந்நாட்டார் இன்றளவும் கையாண்டு வருகின்றனர். இந்திய அரசியல் சட்டத்தை வகுத்தோர் இந்தச் சுற்றுவழியை மேற்கொள்ளாது, சட்டசபை உறுப்பினர் தம் கைப்பட எழுதிச் சபாநாயகரிடம் அளித்தால் போதும் என்று 190ஆம் பிரிவில் வரைந்தனர். ஆயினும், 1974இல் குஜராத்தில் எழுந்த கிளர்ச்சியின்போது உறுப்பினர்கள் பலர் நிர்ப்பந்தத்துக்கு ஆட்பட்டு ராஜினாமாக் கடிதம் கொடுக்க நேர்ந்ததைக் கண்டபின், அக்கடிதம் மனமொப்பி எழுதியதும் மெய்யானதுந்தானா என்று சபாநாயகர் ஆராய்ந்து ஏற்கவேண்டும் என்ற விதி, 33ஆவது திருத்தத்தின் மூலம் அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்டது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டமோ நிலைமையை வேறொரு திக்கில் திருப்பிற்று. அதற்கு முன்பு ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் மறுகட்சிக்குச் சென்று அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்; அதற்குப் பின்போ, சபாநாயகரின் தகுதிநீக்கத் தீர்ப்புக்குக் காத்திராமல் கௌரவமாக வெளியேற விரும்பியவருக்கு ராஜினாமாவே வழியாயிற்று.

காலியான ஸ்தானத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்பவேண்டும் என்னும் கட்டளை, 1996ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தத்தால் வந்தது. சபையின் ஆயுள் ஓராண்டுக்குக் குறைவாக எஞ்சியிருந்தால் இக்கட்டளை செல்லாது. அபேட்சகர்களின் டெபாசிட் தொகையைப் பன்மடங்கு உயர்த்தியதும் இதே திருத்தந்தான். அவ்வாண்டு கொங்குநாட்டின் மொடக்குறிச்சியில் 1,033 பேர் ஒரே ஸ்தானத்துக்குப் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வைத்த வரலாற்றை இங்கு நினைவுகூர்தல் தகும்.

கண்ணப்பன் கொங்குநாட்டுத் திராவிட இயக்கத்தாருள் மூத்தவர். வாஜ்பாய் மந்திரிசபையில் மரபுசாரா எரிசக்தி இலாகாவைத் தனிப்பொறுப்பாக வகித்தவர். காற்றாலைகள் நிறைந்த கோவை மாவட்டத்தாருக்கு அவ்விலாகா அந்நியமானதன்று. 2006ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகம், அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் கூட்டணியில் நின்று வென்ற ஆறு தொகுதிகளுள் தொண்டாமுத்தூரும் ஒன்று. அங்கே கண்ணப்பன் தோற்கடித்தது காங்கிரஸ் தலைவர் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியத்தை என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். 2009இல் கண்ணப்பனும், அதே கட்சியைச் சேர்ந்த கம்பம் உறுப்பினர் என். ராமகிருஷ்ணனும் தி.மு.க.வில் சேர்ந்து, சட்டசபை ஸ்தானத்தையும் துறந்தனர். இளையான்குடியின் ராஜகண்ணப்பன் எதிர்த்திசையில், தி.மு.க.வினின்று அ.தி.மு.க.வுக்குச் சென்றார். பர்கூரின் மு. தம்பிதுரை மாத்திரம் கட்சி மாறவில்லை. கரூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமையால் விலகினார்.

இத்தேர்தலின் விசித்திரம் தொகுதியின் எல்லையில் இருந்தது. 2008இல் வெளியான மறுவரையறையின்படி தமிழகத்துத் தொகுதிகள் அனைத்தும் மாற்றி அமைக்கப்பட்டு, 2009 மே மாத மக்களவைத் தேர்தல் புதிய எல்லைகளிலேயே நடந்து முடிந்திருந்தது. ஆனால், இருக்கும் சட்டசபை கலையும்வரை அதன் பிரதிநிதித்துவம் மாறலாகாது என்று அரசியல் சட்டம் சொல்வதால், ஆகஸ்டில் உயிர்பெற்று எழுந்தது பழைய தொண்டாமுத்தூர். மருதமலைச் சாரலையும் மேட்டுப்பாளையம் சாலையோரத்து ஊர்களையும் ஒருங்கே தன்னகத்துக் கொண்டு, பரப்பாலும் வாக்காளர் தொகையாலும் மிகப் பெரிதாய் விளங்கிய அத்தொகுதியின் வடபாகம், புதிய வரைபடத்தில் கவுண்டம்பாளையம் என்ற பெயரோடு கோயமுத்தூர் மக்களவைத் தொகுதியில் அடங்கிற்று. தொண்டாமுத்தூர் என்ற பெயரைத் தக்கவைத்த பகுதியோ பொள்ளாச்சி மக்களவைத் தொகுதிக்குச் சென்றது. மூன்று மாதத்துக்கு முன்பு வேறு வேறு எம்.பி.க்களுக்கு வாக்களித்துப் பிரிந்தவர்கள், பாகம் பிரித்தபின் ஒரு முறை கூடியுண்ணும் பங்காளிகளைப்போல, மீண்டும் ஒரே எம்.எல்.ஏ.வைத் தெரிந்தெடுக்க ஒன்றுகூடினர். வடக்கே அடுத்திருந்த காரமடை மேட்டுப்பாளையம் தொகுதியைச் சேர்ந்ததாகையால், அவ்வூராருக்கு இதில் வாக்கில்லை; எனினும் தேர்தல் நடத்தை விதிகள் அப்போது மாவட்டம் முழுமைக்கும் செல்லுபடியானமையால், வாக்கில்லாத காரமடையும் விதிக்குக் கட்டுப்பட்டே இருக்க நேர்ந்தது.

தி.மு.க. தன் தோழமைக் கட்சியான காங்கிரஸுக்குத் தொண்டாமுத்தூரை விட்டுக்கொடுத்தது. 2006இல் அங்கு நின்று தோற்ற கட்சி என்ற வகையில் அதற்கு நியாயம் உண்டு. ஆயின், இதன் பயனாக ராஜினாமாச் செய்தவர் தம் செயலுக்கு வாக்காளரிடம் தீர்ப்புப் பெறும் சந்தர்ப்பமே இல்லாது போயிற்று. கம்பத்தில் ராமகிருஷ்ணன் புதிய கட்சியின் அபேட்சகராகத் தாமே நின்று, தாமே வென்றார். அங்கே வாக்காளர் அளித்தது, அவருடைய கட்சிமாற்றத்தைப் பற்றிய தீர்ப்பு என்று கொள்ளலாம். தொண்டாமுத்தூரில் அத்தகைய தீர்ப்புக்கு இடமில்லை. ம.தி.மு.க.வின் பம்பரம் சின்னத்தில் காங்கிரஸைத் தோற்கடித்து அனுப்பப்பட்ட பிரதிநிதி விலகியதும், தோற்ற காங்கிரஸே அதே ஸ்தானத்தில் வந்து அமர்ந்தது என்பதுதான் கண்ட பலன்.

அந்தப் பலனுக்கும் முழுக்காரணம் வாக்காளர் மனமாற்றம் என்று சொல்லிவிட முடியாது. பிரதான எதிர்க்கட்சியாகிய அ.தி.மு.க. ஐந்து தொகுதிகளையும் பகிஷ்கரித்தது; ம.தி.மு.க.வும் பாட்டாளி மக்கள் கட்சியும் அவ்வாறே ஒதுங்கின. ஆளுங்கட்சியின் பணபலத்துக்கும் அதிகாரபலத்துக்கும் நடுவே நியாயமான தேர்தல் சாத்தியமன்று என்பது எதிர்த்தரப்பின் வாதம். அவ்வாண்டு ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலில் வாக்குக்குப் பணம் வழங்கப்பட்டதாக எழுந்த புகார், ‘திருமங்கலம் பார்முலா’ என்ற பெயரில் அப்போது நாடெங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. மே மாதத்தில் கொங்குநாட்டின் பெரும்பாலான மக்களவைத் தொகுதிகளை வென்றதோ அ.தி.மு.க. அணி. கோவையில் அவ்வணியின் மார்க்சிஸ்ட் அபேட்சகர் பி.ஆர். நடராஜனும், பொள்ளாச்சியில் அ.தி.மு.க.வின் கே. சுகுமாரும் வெற்றி கண்டிருந்தனர். வென்ற அணியின் தலைமைக் கட்சியே களத்தில் இல்லாத தேர்தலில் யார் வெல்வர் என்பது பெரும் புதிராக இருந்திருக்க முடியாது.

எஞ்சியவர்களுள் தேசிய முற்போக்கு திராவிடக் கழகம், மார்க்சிஸ்ட் கட்சி, பாரதீய ஜனதா ஆகியவற்றோடு, அவ்வாண்டின் தொடக்கத்தில் தோன்றிய கொங்குநாடு முன்னேற்றக் கழகமும் போட்டியிட்டது. அதன் அபேட்சகர் ஈ.ஆர். ஈசுவரன், மே மாதத்தில் கோவை மக்களவைத் தொகுதியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று அரசியல் நோக்கர்களை வியப்பில் ஆழ்த்தியவர். ஆகஸ்டு 21இல் எண்ணிக்கை முடிந்தபோது காங்கிரஸ் அபேட்சகர் கந்தசாமி 70,000க்கும் மிகுந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். தே.மு.தி.க. இரண்டாமிடத்தில் நின்றது. கம்பம், இளையான்குடி, பர்கூர் ஆகிய மூன்றும் தி.மு.க.வுக்கும், ஸ்ரீவைகுண்டம் காங்கிரஸுக்கும் சென்றன.

கந்தசாமியின் பதவிக்காலம் இரண்டாண்டைக்கூட எட்டவில்லை. 2011 பொதுத்தேர்தலில் புதிய எல்லையோடு கூடிய தொண்டாமுத்தூரில் அவரே மீண்டும் நின்று, அதுவரை பேரூர்த் தொகுதியின் உறுப்பினராயிருந்த அ.தி.மு.க.வின் எஸ்.பி. வேலுமணியிடம் பெருந்தோல்வி கண்டார். பேரூர் என்னும் தொகுதியே மறுவரையறையில் மறைந்துபோயிருந்தது.

ராஜினாமாவால் எழும் உபதேர்தல்களில் தலைவருக்கு வழிவிடும் வகை தமிழகத்தார் நன்கறிந்தது. 2002இல் ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வனும், 2015இல் ராதாகிருஷ்ணன் நகரில் பி. வெற்றிவேலும் விலகி, ஜெயலலிதா சட்டசபை புக இடம் செய்தனர். 2019இல் எச். வசந்தகுமார் மக்களவைக்குச் சென்றதால் நாங்குநேரியில் தேர்தல் வந்தது. தொண்டாமுத்தூரை ஒத்தது 2024இன் விளவங்கோடு: காங்கிரஸிலிருந்து பாரதீய ஜனதாவுக்குச் சென்ற விஜயதரணி ராஜினாமாச் செய்ய, அங்கும் விலகியவர் மறுபடி நிற்கவில்லை, காங்கிரஸின் தாரகை கத்பர்ட் வென்றார். கொங்குநாட்டிலேயே 2025 நவம்பரில், கோபிசெட்டிபாளையத்தின் நெடுங்கால உறுப்பினரான கே.ஏ. செங்கோட்டையன் ராஜினாமாச் செய்து தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தபோது, சபையின் ஆயுளில் ஆறு மாதமே எஞ்சியிருந்தமையால், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விலக்கின்படி அந்த ஸ்தானத்துக்கு இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை.