பாட்டு எண்ணைப் பத்தால் வகுத்தால் என்ன கிடைக்கும்?

குறிப்பெடுக்க ஒரு ஆப், அதில் ஆயிரம் நோட்ஸ், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு டேக். இப்படி சொந்தமா ஒரு விக்கி வெச்சிருக்கிறவங்க நம்ம கேட்பவர்களில் நிறைய பேர் இருக்கீங்க. ஒரு கேள்வி. நாளைக்கு அந்த ஆப் இல்லாமப் போனா, டேக் என்ன ஆகும்? நோட்ஸ் பிழைச்சிடும், வெறும் எழுத்துதானே. டேக் தனியா ஒரு டேட்டாபேஸ்ல இருந்தா அதுதான் முதல்ல தொலையும்.

இந்தக் கவலைக்கு ஓலைச்சுவடிக் காலத்திலேயே ஒரு மதுரைக்காரர் பதில் வெச்சிருக்கார். மதுரை உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மர். பாண்டியன் உக்கிரப்பெருவழுதி கேட்டுக்கொள்ள அகநானூற்றைத் தொகுத்தவர் இவர்தான்.

சங்கப் பாடல்கள் பல ஊர்களில், பல காலங்களில், பல புலவர்கள் பாடியவை. தொகுத்தவர்கள் முன்னால் இருந்தது ஒரு பெரிய கலவைக் குவியல். அகப்பாடல்களில் முதல் ஃபில்டர் ரொம்ப எளிமையானது: நீளம். 4 முதல் 8 அடி என்றால் குறுந்தொகை. 9 முதல் 12 என்றால் நற்றிணை. 13 முதல் 31 வரை அகநானூறு. அதனால்தான் அதற்கு நெடுந்தொகை என்றும் பெயர். விதி இருந்தா விலக்கும் இருக்கும்: குறுந்தொகையில் 307, 391 இரண்டுக்கும் 9 அடி.

அடுத்த ஃபில்டர் திணை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஸ்கூல்ல இதை மலை, காடு, வயல், கடல், வறண்ட நிலம் என்று மனப்பாடம் பண்ணியிருப்போம். ஆனா அகப்பாட்டில் நிலம் பாதிதான். குறிஞ்சின்னா கூடல், முல்லைன்னா காத்திருத்தல், மருதம்னா ஊடல், நெய்தல்னா இரங்கல், பாலைன்னா பிரிவு. மலை வருகிற பாலைப் பாட்டு எத்தனையோ உண்டு. 'மலை' என்று தேடிப் பார்த்துக் குறிஞ்சியைப் பிரிக்க முடியாது. யாராவது பாட்டைப் படித்து, புரிந்துகொண்டு, முடிவு செய்து, டேக் போட வேண்டும்.

போட்ட டேக்கை எங்கே வைப்பது? உருத்திரசன்மர் அதைப் பாட்டின் எண்ணுக்குள்ளேயே வெச்சுட்டார்.

ஒற்றைப்படை எண்ணா? பாலை. 2இல், 8இல் முடிகிறதா? குறிஞ்சி. 4இல் முடிந்தால் முல்லை. 6இல் முடிந்தால் மருதம். 10, 20, 30 என்று வந்தால் நெய்தல். 400 பாட்டுக்கும் இதே கணக்குதான். நம்ம மொழியில் சொன்னா, எண்ணைப் பத்தால் வகுத்து மீதியைப் பார்த்தாப் போதும், திணை வந்துடும். கூட்டிப் பார்த்தால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், ராஜாவுக்கும் சலுகை கிடையாது என்பது. உக்கிரப்பெருவழுதி பெயரில் ஒரு பாட்டு அகநானூற்றில் இருக்கு. கானப்பேரெயிலை, அதாவது இன்றைய காளையார்கோவிலை வென்றவர் என்ற பட்டத்தோடு அவர் பெயர் வருகிறது. பாட்டு எண் 26. மருதம். வரிசையில் தன் இடத்தில் அடங்கி உட்கார்ந்திருக்கு.

இதனால் என்ன லாபம்? ஓலைச்சுவடி என்பது துளை போட்டுக் கயிற்றில் கோத்த கட்டு. கயிறு அறும், ஓலை உடையும், கரையான் அரிக்கும். நற்றிணையில் 234ஆவது பாட்டு ஏடுகளில் கிடைக்கவில்லை. நற்றிணை திணைவாரியாக அடுக்கப்படாத நூல். அந்த ஓட்டையைப் பார்த்து, தொலைந்தது எந்தத் திணை என்று சொல்ல வழியில்லை. இதே 234 அகநானூற்றில் தொலைந்திருந்தால்? நாலில் முடிகிறது, முல்லை. பாட்டு போனாலும் அதன் டேக் தங்கியிருக்கும்.

ஐங்குறுநூறு இதிலும் ஒரு படி மேலே. 500 பாட்டு, ஐந்து புலவர், திணைக்கு நூறு, ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாக. 1903இல் உ.வே.சா. இதைப் பதிப்பித்தார். 129, 130 இரண்டும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டைப் பற்றி நமக்கு என்னென்ன தெரியும் பாருங்க: நெய்தல் திணை, பாடியவர் அம்மூவனார், 'கிழவற்கு உரைத்த பத்து' என்ற தொகுதியைச் சேர்ந்தது, அதாவது தலைவனைப் பார்த்துச் சொல்வது. ஒரு வரிகூட இல்லாத பாட்டுக்கு இவ்வளவு மெட்டாடேட்டா!

அந்த நெய்தல் நூறின் தலைப்புகளே ஒரு தனி சுவாரசியம். தாய்க்கு உரைத்தது, தோழிக்கு உரைத்தது, கிழவனுக்கு, பாணனுக்கு என்று முதல் நான்கும் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை வைத்து. அதற்கப்புறம் திடீர்னு ஞாழல் மரம், வெள்ளாங்குருகு, சிறுவெண்காக்கை, தொண்டி என்கிற ஊர், நெய்தல் பூ, வளை. ஆளும் மரமும் பறவையும் ஊரும் ஒரே லிஸ்ட்டில். நம்ம சைட்பார்ல 'படிக்கணும்', 'மதுரை', 'பைத்தான்' மூணும் அடுத்தடுத்து கிடக்கிற மாதிரிதான். இதைப் பார்த்த பிறகு என் டேக் லிஸ்ட்டைச் சீராக்கும் ஆசையை விட்டுட்டேன்.

பெயர் தெரியாத புலவர்களுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டில் மனதைத் தைக்கிற ஒரு தொடரையே ஆசிரியர் பெயராக்கிவிடுவது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் எல்லாரும் இப்படி வந்தவர்கள். ஆசிரியர் கட்டத்தைக் காலியா விட மனசு வரலை போல.

சரி, அகநானூற்றுக் கணக்குக்கு விலை இல்லையா? இருக்கு. எண்ணுக்குள் டேக் போனால் ஒரு பாட்டுக்கு ஒரு திணைதான். ஆனால் பொழுதும் கருப்பொருளும் திணை விட்டுத் திணை மயங்கலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. பிரிந்துபோனவனை நினைத்து வீட்டில் காத்திருப்பவளின் பாட்டு பாலையா, முல்லையா? நம்ம விக்கியில் ரெண்டு டேக்கும் போட்டுட்டுத் தூங்கப் போயிடலாம். உருத்திரசன்மர் முடிவெடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு, 37 என்ற எண்ணைப் பார்த்ததுமே நாமும் பாலை என்று நினைத்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்குகிறோம். அவருடைய வாசிப்பு நம்ம வாசிப்புக்கு முன்னாடியே வந்து நிற்குது.

பாதிக்குப் பாதி பாலை என்பதும் ஒரு முடிவுதான். பிரிவைப் பற்றிய பாட்டு 200. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் சென்னை, பெங்களூர் பஸ்களுக்குப் பையோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு அந்தக் கணக்கு பெரிசாத் தெரியாது.

1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இன்னிக்கு எந்தச் சொல்லை வேண்டுமானாலும் தேடலாம். ஆனா முல்லைப் பாட்டு மட்டும் வேணும்னா தேடுபெட்டி தேவையில்லை. அகநானூற்றைத் திறந்து 4, 14, 24 என்று போய்க்கிட்டே இருங்க. 394 வரைக்கும் போகலாம்.